ஒரு ஜீப்புக்கு மூன்று பூட்டு

போன செவ்வாய்க்கிழமை கல்வராயன் மலைக்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல... ஒயர் எடுக்க!

உங்களுக்குத்தான் தெரியுமே, நமக்குப் பிழைப்பு கச்சிராயபாளையத்தில் மைக்செட். போன மாதம் மலைக்கிராமம் ஒன்றில் ஜீப் வழங்கும் விழா. பெரிய வண்டி ஏறாத ரோடு. பிரசவத்துக்குப் பெண்களைக் கீழே கொண்டுவரத்தான் ஜீப். வாங்கித் தந்தது ஒரு கம்பெனி. டிரைவர் சம்பளம் ஒரு தொண்டு நிறுவனம். ஷெட்டும் டீசலும் அரசாங்கம். மூன்று தரப்பும் கைகோத்து போட்டோவுக்கு நின்றபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில் ஒயரை ஷெட்டுக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

போய்ப் பார்த்தால்... கதவில் மூன்று பூட்டு!

"இன்னாண்ணா இது? உள்ள ஜீப்பு கீதா, தங்கம் கீதா?" என்றேன், டிரைவர் மணி அண்ணனிடம்.

"சொந்த வேலைக்கு யாரும் ஓட்டிக்கினு போயிடக் கூடாதாம். மூணு தரப்பும் ஆளுக்கு ஒரு பூட்டு, பூட்டு சாவி அவங்கவங்க கையில. வண்டி சாவி எங்கிட்டதான் கீது தம்பி. வண்டிதான் இல்ல!"

விழுந்து விழுந்து சிரித்தேன். பாதிச் சிரிப்பில் அந்த ஊர்க் கோவிந்தன் ஓடி வந்தார். "மணி, வண்டிய எடு! செல்விக்கு வலி வந்துடுச்சு!" செல்வி அவர் மனைவி. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

மணி அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

சங்கராபுரத்திலிருந்து தொண்டு நிறுவன மேடம்: "நாங்க எப்பவும் ரெடிங்க. மத்த ரெண்டு பேரும் வந்துட்டாங்களா?"

கம்பெனி ஆள்: "அவங்க கெளம்புனதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க."

கள்ளக்குறிச்சி அரசாங்க ஆபீஸ்: "சார் மீட்டிங்ல கீறாருங்க."

"இன்னா மீட்டிங்குங்க?"

"அந்த ஜீப்பு திட்டத்துக்குத்தாங்க!"

சவுண்டு கட்டாகிவிட்டது... மைக்செட்காரனுக்கே!

செல்வியின் அலறல் ஷெட் வரை கேட்டது. கோவிந்தன் ஓடிப்போய் கடப்பாறையோடு வந்தார். முதல் பூட்டை உடைத்தது அவர். உடைத்ததும் செல்வியை அழைத்து வர ஓடினார். இரண்டாவது மணி அண்ணன். மூன்றாவது? அடியேன்!

ஆஸ்பத்திரி வாசலைத் தொட்ட கால் மணி நேரத்தில் பெண் குழந்தை. "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா ரெண்டு உசுரும் டவுட்டுப்பா" என்றார் டாக்டரம்மா. சிரித்த வாயைக் கழுவிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

சனிக்கிழமை மறுபடி ஒயருக்காக ஏறினேன். மூன்று தரப்பினரும் வந்திருந்தார்கள். ஒரே காரில்! குழந்தையைப் பார்க்க என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"பூட்ட யாருங்க ஒடச்சது?" — மூன்று பேரும் கோரஸ். ஆளுக்கொரு கையில் புதுப் பூட்டு!

கோவிந்தன் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "மூணு பேர் சேந்துதாங்க ஒடச்சோம். ஆளுக்கு ஒண்ணு. விழாதான் வைக்கல."

மேடம்தான் முதலில் தன் பூட்டைக் கைப்பைக்குள் போட்டார். அடுத்து கம்பெனி ஆள். மிச்சமிருந்த ஆபீஸ்காரர் பூட்டு மட்டும் கதவில் ஏறியது. சாவி, மணி அண்ணன் பாக்கெட்டில்.

அந்த சந்தோஷத்தில் இறங்கி வந்துவிட்டேன். ஒயர் இன்னும் உள்ளேதான் கிடக்கிறது!