ஒரே தேயிலை, இரண்டு அறைகள்: ஸ்பிரிங்வெளியில் ஒரு பூஅர் பரீட்சை

பூஅர் தேயிலையைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பு எழுதியதில்லை. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் பறித்து, ஆவியில் மென்மையாக்கி, வட்டாக அழுத்திக் காயவைக்கும் தேயிலை அது. கருப்பட்டி வட்டைத் தட்டையாக்கி, ஒரு சாண் அகலத்துக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட அந்த உருவம். மற்றத் தேயிலைகள் பழசானால் வீண். இதைப் பழசாவதற்கென்றே வைப்பார்கள். பத்து, இருபது வருடங்களில் பச்சைக் கசப்பு போய், நிறம் சிவந்து, குணமே மாறிவிடும். நான் நான்கு வருடங்களாகச் சிறு சிறு துண்டுகளாக வாங்கிக் குடித்து வருகிறேன். முழு வட்டு வாங்க வசதி வந்ததில்லை.

தேயிலைத் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் ஒரு இணையக் குழுவில்தான் மனோகரன் அண்ணன் அறிமுகமானார். மலேசியாவில் ஈப்போ நகரத்துச் சீன உணவகம் ஒன்றில் பல வருடங்கள் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது இருபத்தெட்டு வட்டுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பாதி ஸ்பிரிங்வெளியில் அவருடைய வீட்டு மாடியில், மீதி பதுளை நகரத்தில் நண்பரின் புடவைக் கடைக் களஞ்சியத்தில். பன்னிரண்டு வருடங்களாக ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. ஒரே வருடத்து, ஒரே அச்சில் அழுத்திய தேயிலை. ஒன்று குளிரில் வளர்ந்தது, ஒன்று வெக்கையில். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. “வாங்க மிஸ், ரெண்டையும் வெட்டிப் பாத்துருவோம்” என்று எழுதியிருந்தார். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

கொழும்பு புறக்கோட்டையில் காலை 6.15க்கு பஸ். நான் போனபோது டிக்கெட் 1,050 ரூபா. இரத்தினபுரி, பலாங்கொடை தாண்டி, பெரகலையில் ஏறத் தொடங்கி, ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைக்கு மதியம் 1.40க்கு வந்து சேர்ந்தது. ரயில் இதைவிட அழகு, ஆனால் பத்து மணி நேரம் எடுக்கும். இருக்கை வேண்டுமென்றால் வாரக்கணக்கில் முன்கூட்டியே பதிய வேண்டும். பெரகலைக்குப் பிறகு பஸ்ஸில் இடப்பக்கமா வலப்பக்கமா என்று யோசிக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒருமுறை மலை, ஒருமுறை பள்ளம்.

நகரத்தில் தங்கினேன். சுத்தமான சிறிய அறை, இரவுக்கு 4,500 ரூபா. மாலையில் புடவைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நசீர் நானா, மனோகரன் அண்ணனுடன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர். களஞ்சியம் கடைக்குப் பின்னால். தகரக் கூரை, ஜன்னல் இல்லை. சேலைக் கட்டுகளுக்கு மேலே, மூங்கில் மடலில் பொதிந்த இரண்டு கட்டுகள், கட்டுக்கு ஏழு வட்டு.

“பன்னெண்டு வருசமா எங்கட கடையில வாடகை இல்லாம ஈக்கிறது இந்தத் தேயில மட்டும்தான்” என்றார். ஒரு வட்டை எடுத்துத் தாளில் சுற்றினார். நாளை ஸ்பிரிங்வெளிக்கு அவரும் வருகிறாராம். “மனோட வீட்டுல கேஸ் விசாரணை. சாட்சி சொல்லப் போகணுமே.”

என்ன கேஸ் என்று அவர் சொல்லவில்லை.

ஞாயிறு காலை நசீர் நானா வட்டோடு மோட்டார் சைக்கிளில் முன்னால் போய்விட்டார். நகரத்திலிருந்து ஸ்பிரிங்வெளி பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ்ஸுக்கு 90 ரூபா, முக்கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு என்பதால் ஓட்டோ பிடித்தேன், 1,500 ரூபா.

“ஸ்பிரிங்வெளியில என்னங்க இருக்கு? கொழும்பு ஆளுங்கன்னா ஒம்பது வளைவுப் பாலத்துக்குத்தானே போவாங்க” என்றார் ஓட்டுநர்.

“தேயிலை குடிக்கப் போறேன்.”

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். “கொழும்புக் கடையில தீந்துபோச்சுங்களா?”

அது கச்சான் காற்றுக் காலம். நமுனுகலை மலைப் பக்கமிருந்து காய்ந்த காற்று இறங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊவா மாகாணத்துத் தேயிலைக்குப் பேரெடுத்துக் கொடுப்பது இந்த இரண்டு மாதக் காற்றுதான். கொழுந்து ஈரம் குறைந்து, தேத்தண்ணிச் சாயத்தில் ஒரு குளிர்ந்த மணமும் நாக்கின் ஓரங்களைக் கவ்வும் ஒரு கடியும் வந்துவிடும். இங்கே பிறந்தவர்களிடம் நல்ல தேத்தண்ணிக்கு அடையாளம் கேட்டால் முதலில் அந்தக் கடியைத்தான் சொல்வார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

மனோகரன் அண்ணனின் வீடு கடைத்தெருவை ஒட்டி இருக்கிறது. முன்பக்கம் சிறிய சாப்பாட்டுக் கடை, பின்பக்கம் வீடு. மாடியில் ஒரே ஒரு அறை. உள்ளே போனதும் அவருடைய மனைவி புஷ்பராணி அக்கா கையில் அளவு நாடாவோடு வந்தார்.

“வாங்க தங்கச்சி. நீங்கதான் தேயில நீதவானா?”

அப்போதுதான் விஷயம் விளங்கியது. அக்கா தையல் வேலை செய்பவர். கடைக்கும் சமையலறைக்கும் நடுவில், ஆள் போய்வரும் நடையில், ஒரு மஞ்சள் பல்புக்குக் கீழே தைக்கிறார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே சாம்பார் வாளியோடு ஒருவர் போவதற்காக இரண்டு முறை எழுந்து நாற்காலியை நகர்த்தினார். பாடசாலைச் சீருடைகளுக்கு ஓர்டர் வருகிறது. தையல் பழக மூன்று பெண்கள் கேட்டிருக்கிறார்கள், உட்கார வைக்க இடமில்லை. இரண்டு பெரிய ஜன்னல்களும் நல்ல வெளிச்சமும் உள்ள மாடி அறையிலோ, ஜன்னலை அடைத்துவிட்டு, பதினான்கு வட்டுத் தேயிலை குடியிருக்கிறது.

“தேயில பழுக்கட்டும், பொறகு ரூம் ஒனக்குத்தான்னு சொன்னாரு. அந்த வருசம் எங்க மூத்தவ ஒண்ணாம் வகுப்பு. இப்ப ஏ.எல். பரீட்சை எழுதப் போறா.”

“அந்தக் குளிர் வேற எங்கயும் கிடைக்காது புஷ்பா” என்றார் அண்ணன்.

“ஆமா, எனக்கும் கிடைக்கல.”

இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். எது எங்கே இருந்தது என்று தெரியாமல் மூன்று பேர் குடித்துப் பார்ப்பது: நான், நசீர் நானா, அண்ணன். புடவைக் கடையில் இருந்தது நன்றாக இருந்தால் மாடித் தேயிலையும் பதுளைக்குப் போகும், அறை அக்காவுக்கு. மாடியில் இருந்தது நன்றாக இருந்தால் அக்கா இனிமேல் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. எனக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. ருசி பார்க்க வந்தவளுக்கு ஒரு குடும்பத்தின் அறையைப் பங்கு பிரிக்கும் தகுதி எங்கிருந்து வரும்? ஆனால் இரண்டு வட்டும் ஏற்கெனவே மேசையில் இருந்தன.

ஊற்றும் வேலையை அக்காவே எடுத்துக்கொண்டார். “நான் வழக்குப் போட்டவ. நான் குடிச்சுச் சொன்னா செல்லாது.” நான் முறையைச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் ஐந்து கிராம், நன்றாகக் கொதித்த தண்ணீர், முதல் தண்ணீரில் இலையைக் கழுவிக் கொட்டிவிட வேண்டும், பிறகு ஒவ்வொரு ஊற்றுக்கும் இருபது விநாடி. நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, உட்புறம் கறுப்பாக இருந்த பீங்கான் மக்குகளைத் தேடி எடுத்து, அடியில் தையல் சோக்கால் குறி போட்டார். துணி வெட்டுகிறவருக்குள்ள ஒழுங்கு. ஒரு விநாடி கூடக் குறைய விடவில்லை.

முதல் மக்கில் காய்ந்த வைக்கோல் மணம், கொஞ்சம் கொய்யாப்பழம். வாயில் விட்டதும் நாக்கின் இரு ஓரங்களையும் பிடித்தது. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஒரு இனிப்பு. நல்ல தேயிலை, ஆனால் இன்னும் இளசு. பன்னிரண்டு வருடம் என்று சொன்னாலும் ஐந்து என்றே நினைக்கத் தோன்றும்.

இரண்டாவதில் எடுத்தவுடன் கஞ்சி போட்ட புதுத் துணி வாசம் லேசாக வந்தது. மூன்றாவது ஊற்றில் அது போய்விட்டது. அதற்குப் பிறகு பழைய மர அலமாரி, மழை விட்ட மண், பேரீச்சம்பழம். கசப்பும் இல்லை, கடியும் இல்லை. சோற்றுக் கஞ்சித் தெளிவைப் போல வழவழவென்று இறங்கியது. எட்டாவது ஊற்றிலும் தளரவில்லை. நான் படித்ததிலெல்லாம் பழைய பூஅர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்களோ, அப்படியே இருந்தது.

நான் இரண்டாவதைச் சொன்னேன்.

நசீர் நானா முதலாவதைச் சொன்னார். “மத்தது மருந்து மாதிரி ஈக்கி. இதுதான் தேத்தண்ணி.”

அண்ணன் கண்ணை மூடி இரண்டையும் இன்னொரு மிடறு குடித்தார். “மொதலாவதுதான். என்னா ஒரு பிடி! நம்ம காத்துக்காலத் தேயில கணக்கா நாக்கைப் பிடிக்குது பாருங்க.”

அக்கா மக்குகளைக் கவிழ்த்துக் காட்டினார். முதலாவது மாடியில் இருந்தது. இரண்டாவது புடவைக் கடையில் இருந்தது. இரண்டுக்கு ஒன்று.

அண்ணன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நசீர் நானா தன்னுடைய கடையே தோற்றதற்குத் தானே காரணமாகிவிட்டதை உணர்ந்து தலையைச் சொறிந்தார். அக்கா சாயத்தை இரண்டு கண்ணாடி கிளாசில் ஊற்றி வெளிச்சத்தில் வைத்தார். ஒன்று தேன் நிறம், மற்றது செங்கல் நிறம். இரண்டிலும் ஒவ்வொரு வாய் குடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“தங்கச்சி, மேல உள்ளத இன்னும் கொஞ்ச காலம் வச்சா எப்பிடி ஆகும்?”

“மெதுவா மத்தது மாதிரி ஆகும், அக்கா. குளிர்ங்கிறதால நேரமெடுக்கும். ஆனா அந்தப் பக்கம்தான் போகும்.”

“அப்ப இந்தக் கடி?”

“போயிடும். அது போறதுக்குத்தான் வைக்கிறதே.”

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. “ஒங்களுக்கு எது புடிச்சிச்சு?”

“அதான் சொன்னேனே, அந்தக் கடி.”

“அது போகட்டும்னா ரூம அடைச்சி வச்சிருக்கீங்க?”

 அண்ணன் தேன் நிறக் கிளாசை எடுத்துப் பார்த்தார். ஏதோ சொல்லத் தொடங்கி, “ஈப்போவில மொதலாளி சொல்வாரு...” என்று நிறுத்திக்கொண்டார்.

“மொதலாளி நாக்குக்கு அது சரி. ஒங்க நாக்கு இங்கதானே வளந்திச்சு? புடிச்ச ருசி இன்னைக்கு இருக்கு. இன்னைக்குக் குடிங்க. பதினாலு வட்டு, தெனம் அஞ்சு கிராம், ரெண்டு வருசத்துக்கு மேல வரும். அது வரைக்கும் கீழ கப் அடுக்கி வச்சிருக்கிற ஷோகேஸ்ல இருக்கட்டும். வெளிச்சம் படாம திரை நான் தைச்சுத் தாறேன்.”

“மனோ, அப்பீல் இல்ல” என்றார் நசீர் நானா. “கப்பெல்லாம் எறக்கு.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் யோசிக்கிறேன். பூஅர் பற்றி எழுதுபவர்கள் யாரும் ஏற்க மாட்டார்கள். இன்னும் பத்து வருடம் விட்டால் அந்த மாடி வட்டு அற்புதமாகிவிடும் என்பார்கள். அது உண்மையும்கூட. ஆனால் அந்த அற்புதம் அவருடைய வாய்க்குப் பிடிக்காது என்பதையும் அன்றைக்கு அவரே தன் வாயால் சொல்லிவிட்டார். “அக்கா சொல்றது சரிதான் அண்ணே” என்றேன்.

ஷோகேஸைக் காலி செய்ய அரை மணி நேரம் ஆனது. தையல் மெஷினின் இரும்புக் காலை அண்ணனும் நசீர் நானாவும் படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். “தேயில எவ்வளவு லேசு, பாத்தியா?” என்று நானா மூச்சிரைக்கக் கேட்டார். மேலே ஜன்னல் பலகைகளை அக்கா தட்டித் திறந்தபோது அறை முழுவதும் வெயில் விழுந்தது. அவர் உடனே தைக்க உட்காரவில்லை. அறையின் நீள அகலத்தை நாடாவால் அளந்து, மூன்று பெண்களுக்கு எங்கெங்கே இடம் என்று சோக்கால் தரையில் கோடு போட்டார்.

பழசு என்பதையே ஒரு மதிப்பாக நினைத்துத்தான் இதுவரை தேயிலை வாங்கி வந்திருக்கிறேன். இரண்டை ஒன்றாகக் குடிக்கும்போதுதான் எது எனக்குப் பிடிக்கிறது, எது எனக்குப் பிடிக்க வேண்டும் என்று படித்துவைத்திருக்கிறேன் என்பது பிரிந்து தெரிகிறது. எனக்குச் செங்கல் நிறம்தான் உண்மையிலேயே பிடித்தது என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல இன்னும் சிலமுறை குடிக்க வேண்டும். அந்தப் புடவைக் கடை வட்டில் மீதியை அண்ணன் எனக்கே கொடுத்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஆகஸ்ட், செப்டம்பர் நல்லது. காற்றுக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும். ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்குக் கடைசி பஸ் எப்போது என்று போனவுடனேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை நம்ப வேண்டாம். வீட்டில் பூஅர் வைப்பவர்கள் புதுத் துணி, சாம்பிராணி, சமையலறை மூன்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். இவர்களைப் பற்றி எழுத அனுமதி கேட்டேன். எழுதலாம் என்று சொல்லிவிட்டு, வருகிறவர்களுக்குச் சொல்லச் சொல்லி அக்கா ஒன்று சேர்த்தார். கடைத்தெருவில் மனோகரன் அண்ணனின் கடையைக் கேட்டால் காட்டுவார்கள். தேத்தண்ணி குடிக்க வந்தால் கீழேயே உட்கார வேண்டும். மாடிக்குப் போவதென்றால் தைக்க ஏதாவது கொண்டுவர வேண்டும்.