கூடைக் கம்பத்தைச் சுற்றிய எருமைகள்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த நாட்களில் கூடைப்பந்து பழகினேன். அதை நம்பியே அறுபதுகளில் ஊர் ஊராகப் போய்ச் சம்பளத்துக்குப் பயிற்சி கொடுத்தேன். பூவரசங்குளத்துப் பக்கம் ஒரு கழகம் மூன்று மாதத்துக்கு என்னை அமர்த்தியது. யாழ்ப்பாணத்து அணியோடு ஓர் ஆட்டம் நடந்தால் வருடம் முழுவதும் வேலை. இல்லையென்றால் பெட்டியைத் தூக்கவேண்டியதுதான்.

சீமெந்துக்கு வழியில்லை. புற்றுமண் வெட்டி, சாணி கரைத்து, திடலை நானே மெழுகினேன். மழை வருமோ, கம்பம் சாயுமோ, மாடு ஏறிவிடுமோ என்று சாப்பாடு இறங்காது. மாட்டுக்குப் பயந்து வேலியும் அடைத்தேன்.

ஆட்டத்தன்று காலை போய்ப் பார்க்கிறேன், கூடைக் கம்பத்தில் கட்டிய எருமைகள் நெற்கதிரை மிதித்தபடி சுற்றுகின்றன! ஓட்டிக்கொண்டிருந்தவன் என் அணித்தலைவன். மற்ற ஆட்டக்காரர் நெற்சூட்டைப் பிரித்துக் கதிர்க்கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா இது?"

"ஏனண்ணை கத்திறியள்? இப்பிடியொரு களம் இந்தப் பக்கத்திலையே இல்லை. சூடு மிதிக்கவுந்தான் மெழுகினீங்களெண்டெல்லோ நினைச்சம்."

"பந்தடிக்கடா!"

"பந்து பின்னேரந்தானே."

"நிப்பாட்டு!"

"சூட்டைப் பிரிச்சா, மிதிச்சு முடியாமல் நிப்பாட்டக்கூடாது. உங்களுக்குத் தெரியாதே?"

தெரியும். அதுதான் எரிச்சல். நானும் வயற்காட்டில் பிறந்தவன். புற்றுமண்ணும் சாணியும் போட்டு மெழுகினால் ஊர் அதை என்னவென்று எடுக்கும் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. எத்தனையோ யோசித்தவன், இதை யோசிக்கவில்லை.

மதியம் யாழ்ப்பாணத்தார் லொறியில் வந்து இறங்கினார்கள். நெல்லுக்குச் சொந்தக்காரர் மறித்தார்.

"தம்பிமார், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. நெல்லுக் கிடக்கு."

கழற்றினார்கள். பந்தை எடுப்பார்கள் என்று பார்த்தால், வைக்கோல் உதற இறங்கிவிட்டார்கள்!

"கெதியா முடிஞ்சாத்தானே விளையாடலாம்?" என்றான் ஒருவன்.

முடிந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். அவர்கள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

கழகத்துச் செயலாளர் தலையைச் சொறிந்தபடி வந்தார்.

"அண்ணை, இனிப் பந்து வேண்டாமெண்டு கதைச்சிருக்கினம். அடுத்த போகத்துக்கு முதல் வந்து, இப்பிடி இன்னும் ரெண்டு களம் போட்டுத் தாறியளோ?"

"கம்பத்தையாவது பிடுங்கிக்கொண்டு போகட்டோ?" என்றேன்.

"ஐயோ, அதை விடுங்கோ. மாடு கட்ட வேணும்."