தாய்வீட்டுக் கோடி

ஐம்பதுகளின் நடுவில், ஓர் ஆனி மாதக் காலையில், ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டி நாங்கள் குடியிருந்த சந்தில் என் தாயார் காலமானார். எண்பதைக் கடந்தவர். பாயில் விழவில்லை; முதல்நாள் மாலைகூடப் பேரப்பிள்ளைகளுக்கு நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், “கல்யாணச் சாவு, அழக் கூடாது” என்றே சொன்னார்கள். அன்று நான் அழவில்லைதான். ஆனால் அதற்குக் காரணம் அவர்கள் சொன்ன சமாதானம் அன்று. எனக்குள் மூண்ட கோபம்.

துறைமுகத்தில் பாரம் இறக்குகையில் சங்கிலி அறுந்து என் தந்தை இறந்தபோது நான் நடை பழகும் குழந்தை. தாயாரின் பிறந்த வீடு திருவொற்றியூரில் மண்டி வைத்திருந்த வசதியான குடும்பம். வந்து அடுக்களையில் ஒரு மூலையில் இரு, வெளியே தலை காட்டாதே என்று அழைத்தார்கள். தாயார் போகவில்லை. கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரியைக் கூடையில் சுமக்கும் பெண்களோடு சேர்ந்துகொண்டார். மண்டிக்காரர் வீட்டுப் பெண் கரி சுமக்கிறாள் என்ற செய்தி எட்டியதும், அவருடைய சொந்தத் தம்பி, அவரே இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, கடற்கரைக்குப் போய், இனி எனக்கு அக்காள் இல்லை என்று நாலு பேர் அறியத் தலைமுழுகினார். செத்தவருக்காகச் செய்யும் முழுக்கை உயிரோடிருந்தவருக்குச் செய்தார். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒருவரும் எங்கள் சந்துப் பக்கம் வந்ததில்லை.

சும்மாடும் கூடையும் அழுத்தி அழுத்தி, தாயாரின் உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி உதிர்ந்து தோல் தடித்துப் போயிருந்தது. என் பிள்ளைகள் அதைத் தடவிப் பார்த்து, “ஆயா, இங்க மட்டும் இன்னா மொட்டையா கீது?” என்று கேட்பார்கள்.

“அங்கதாண்டி அடுப்பு வச்சு உங்க நைனாவுக்கு சோறு பொங்கினேன். சூட்டுல முடி கருகிப்போச்சு” என்பார். பிள்ளைகள் நெடுநாள் அதை உண்மையென்றே நம்பினார்கள். எனக்கு அது உண்மையாகவே பட்டது.

போர்க்காலத்தில் குண்டு விழப்போகிறதென்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிற்று. என்னோடு துறைமுகத்தில் வேலை பார்த்த எதிர்வீட்டுப் பாய், நிறைமாத மனைவியை வைத்துக்கொண்டு போக வழியின்றித் திகைத்து நின்றார். தாயார் எங்களை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, அந்த வீட்டிலேயே தங்கிப் பிரசவம் பார்த்தார். அன்றுமுதல் பாய்க்கு அவர் அக்கா. பெருநாளன்று எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் வந்து சேர்ந்த பிறகே அவர் சாப்பிட உட்காருவார்.

பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதைக் கோடி என்போம். கோடி வராமல் உடலை எடுப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். தெருப் பெரியவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் திருவொற்றியூருக்கு ஆளனுப்பிவிட்டார்கள்.

மாமா வாடகைக் காரில் வந்து இறங்கினார். தாம்பாளத்தில் பட்டுச்சேலை. கூட்டம் விலகி வழி விட்டது. தாயாரோடு கரி சுமந்த கிழவி ஒருத்தி, உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர்க் குடத்தோடு போனவள், நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னா மாமு, ராயபுரத்துக்கு பஸ்ஸு வுட்டு எத்தினி வருசமாச்சு! உனுக்கு இன்னிக்குத்தான் டிக்கெட்டு கெடைச்சுதா?”

சாவு வீடென்றும் பாராமல் சிலர் சிரித்தார்கள். மாமா அதைக் காதில் வாங்கவில்லை. குரலைத் தாழ்த்தி அவளிடமே சொன்னார்: “இந்தாம்மா, கோடிய தலையோட சேத்து இழுத்துப் போத்துங்க. அந்தக் கரித் தழும்பு வெளிய தெரியக் கூடாது. பின்னாலயே எங்க ஜனமெல்லாம் வருது.”

அதுவரை நான் பொறுத்திருந்தேன். மேஸ்திரிகளிடம்கூட உயராத என் குரல் அப்போது உயர்ந்தது.

“மாமா, எங்கம்மாவுக்குத்தான் நீ அப்பவே தலைமுழுவிட்டியே. ஒருத்திக்கு எத்தினி தபா சாவு? எட்த்துகினு போ!”

“கோடி இல்லாம எப்படிடா தூக்குவ? ஊரு காறித் துப்பும்” என்றார் அவர்.

பெரியவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்கிக்க நைனா, சாவு வூட்டுல பேஜாரு பண்ணாத” என்றார்கள். மாமாவின் மேல் இருந்ததைவிட அவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் பொங்கிற்று. என் தாயார் கரிக்கூடையோடு அவர்கள் வாசலைத்தான் தினமும் கடந்து போனார். எல்லாம் கண்டவர்கள், அன்று பட்டுச்சேலையைக் கண்டதும் மறந்துவிட்டார்கள்.

அந்நேரம் பாய் வந்தார். காலையிலேயே வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக்குப் போயிருக்கிறார் போலும். கையில் காகிதம் சுற்றிய ஓர் அரக்குநிற நூல்சேலை. வாசலுக்கு வெளியிலேயே தயங்கி நின்றார்.

“உங்க வழக்கம் எனக்குத் தெரியாது. தம்பி வூட்டுலேந்து அக்காவுக்கு சேலை வரணும்னு பேசிக்கினாங்கோ. அதான் எடுத்தாந்தேன்.”

“பாய், நீ எப்படி கோடி...” என்று ஒரு பெரியவர் தொடங்கினார். முடிக்கவில்லை. உள்ளேயிருந்து வந்த கிழவி, பாயின் கையிலிருந்த பொட்டலத்தைப் பறிப்பதுபோல் வாங்கிக்கொண்டாள்.

“தம்பி வூட்டு சேலை வந்துட்ச்சு. ஆம்பளைங்கல்லாம் தள்ளி நில்லுங்கோ!”

கதவு சாத்தப்பட்டது. ஆண்கள் நாங்கள் தெருவில் வழக்கத்தைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே பெண்கள் அதை முடித்துவிட்டார்கள்.

கதவு திறந்தபோது தாயாரை அரக்குச் சேலை கழுத்துவரை போர்த்தியிருந்தது. தலையை மூடவில்லை. முடியை இருபுறமும் வாரி ஒதுக்கி, அந்தத் தழும்பின் மேல் எண்ணெய் தடவியிருந்தார்கள். அது வெயிலில் பளபளத்தது. என் மூத்த மகள் குனிந்து, சிறுவயதில் தடவியதுபோலவே அதைத் தடவினாள். அப்போதுதான் வந்து சேர்ந்த மாமாவின் ஜனங்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அப்படியே தூக்கிக்கொண்டு காசிமேட்டு மயானத்துக்கு நடந்தோம். பாடையின் முன்புறம் ஒரு தோள் என்னுடையது. மறு தோள் பாயினுடையது.

மாமா தாம்பாளத்தோடு வாசலிலேயே நின்றார் என்றும், பிறகு அழுதார் என்றும் சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வயதாகிவிட்டது, பழைய கோபத்தை விட்டுவிடு என்று இன்று எனக்கு அறிவுரை சொல்பவர்கள் உண்டு. அது தணியவில்லை, தணிக்க நான் முயலவுமில்லை. என் தாயாரின் நீண்ட வாழ்வு முழுவதும் அந்தத் தழும்பில் இருந்தது; அதை மூடி மறைக்க வந்த பட்டுச்சேலையை வாசலிலேயே தடுத்த கோபம்தான், மகனாக நான் அவருக்குச் செலுத்திய கடைசி மரியாதை என்று இன்றும் கருதுகிறேன்.