சரசு அக்காவின் மூச்சின் மீது போட்ட பழி

நான் பொய் எழுதினேன். மூச்சுக்குத் திண்டாடிய ஒருத்தியின் மீது என் மருந்தின் குற்றத்தைத் தூக்கிப் போட்டேன். முகம் சுளிக்கிறாயா? சுளித்துக்கொள். உன் இரக்கத்தை மட்டும் என் பக்கம் நீட்டாதே... எனக்கு அது அருவருப்பு!

மருந்துப் பொடி செய்வது என் வேலை. நுரையீரலில் கிருமி பற்றியவர்கள் ஒரு சிறு கருவியில் வைத்து வாயால் உறிஞ்சும் பொடி. ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிய பூச்சு உண்டு. காலையில் ஒருமுறை இழுத்தால், மருந்து உள்ளே தங்கி நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டும். அந்தப் பூச்சுக்காக ஆறு வருடம் மாடாய் உழைத்தேன். ஈரமே இல்லாத ஆய்வுக்கூட அறையில் பொடி புகையாகப் பறந்தது.

வெளியிலோ...? ஒரு குப்பியைப் புக்கிட் காத்தில் என்ற ஊரிலிருக்கும் என் வீட்டுக்கு எடுத்துப்போய், நோயாளிகள் செய்வதுபோல் தினமும் திறந்து மூடிப் பார்த்தேன். மழை வாரம், காற்றெல்லாம் ஈரம். நான்காம் நாளே பொடி கட்டி தட்டிவிட்டது. கட்டியான பொடி நுரையீரலுக்குப் போகாது, தொண்டையோடு நின்றுவிடும். எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்! சமையலறைக் குழாயில் கழுவி ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரமே சரசு அக்கா எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எங்கள் மருந்துச் சோதனைக்குப் பெயர் கொடுத்திருந்தார்.

“பவுடரு கட்டியா இருக்குலா தங்கச்சி. எவ்ளோ இழுத்தாலும் தொண்டையிலயே நிக்குது.”

“நீங்க இழுக்கிறது பத்தலக்கா. வீட்டுல பிராக்டிஸ் பண்ணுங்க.”

நாக்கு கூசவில்லை எனக்கு! அறிக்கையிலும் அதையே எழுதினேன்: நோயாளி சரியாக உறிஞ்சவில்லை. அவரைச் சோதனையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த சுற்றில், ஒவ்வொரு வேளை மருந்தையும் ஈரம் புகாத தனித்தனித் தகட்டில் அடைக்கச் சொன்னேன்... காரணம் சொல்லாமல். பொடி பிழைத்தது. நானும் பிழைத்தேன்.

ஏன் செய்தேன்? பயமா, பேராசையா? பெரிய வார்த்தைகளைத் தேடாதே. என் பொடியைவிட அவர் எனக்குச் சிறியவராகத் தெரிந்தார், அவ்வளவுதான். என் தாயும் பால்மரம் வெட்டியவள்தான். இதைக் கேட்டு இன்னும் ஆத்திரம் வருகிறதா? வரட்டும்!

போன மாதம் ஜாசின் பாசாரில் அவரைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தேன்... அதற்குள் பார்த்துவிட்டார். மகளின் கையைப் பிடித்தபடி, நின்று நின்று வந்தார். பைக்குள்ளிருந்து, நாங்கள் கொடுத்த அந்த உறிஞ்சும் கருவியை எடுத்தார். காலிக் கருவி.

“தெனமும் காலையில இழுத்துப் பழகுறேன் தங்கச்சி. இப்ப நல்லா வருது, பாரு.”

இழுத்தார். உடனே இருமல் பிடித்துக்கொண்டது. கீரைக் கடைக் கம்பத்தைப் பற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய இருமினார். மகள் முதுகைத் தடவினாள். நான் சும்மா நின்றேன்.

“அப்ப என்னாலதானே உங்க வேல கெட்டுப்போச்சு... மனசுல வெச்சுக்காதம்மா.”

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்! பொடியில்தான் கோளாறு அக்கா, உங்கள் மூச்சில் இல்லை...

“பரவாயில்லக்கா” என்றேன்.

கேட்டாயா? நான் அவரை மன்னித்தேன்!

நாளைக் காலையும் அவர் அந்தக் காலிக் கருவியை வாயில் வைத்து இழுப்பார்... இன்னும் நன்றாக வரவேண்டும் என்று.