முழங்கால் போட்டவன் முகம்

பர்மாவில், ரங்கூனுக்கு அக்கரையில் இருக்கிற தன்லியினில் ரத்தினம்மாளைப் பிடிவாதக்காரி என்று சொல்லாத வாய் கிடையாது. சொல்லிவிட்டுப் போகட்டும். பெத்த மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்தோடேயே இருபது வருஷம் சோறாக்கி, துணி துவைத்து, வேலைக்கும் போய் வந்தாளே, வேறு எவள் செய்வாள்?

ஒரே மகன் தமிழ்மணி. எண்பத்தெட்டு ஆகஸ்டில், பட்டாளத்து ஆட்சி வேண்டாமென்று ஊரே தெருவில் இறங்கிய வாரத்தில், காலையில் மீன்குழம்பு ஊற்றின மொஹிங்கா சேமியா சாப்பிட்டுவிட்டு ரங்கூனுக்குப் படகேறிப் போனான். பத்தொன்பது வயசு. திரும்பவில்லை. பட்டாளத்துக்காரர்கள் வீடு வீடாகச் சோதனை போட வருகிறார்கள் என்று நாலாம் நாள் பேச்சு கிளம்பியதும், அப்பன் அய்யாசாமி மகனுடைய ஒரே போட்டோவை அடுப்பில் போட்டுவிட்டார். கடைசியில் சோதனைக்கு ஒருத்தரும் வரவில்லை. பயந்த மனுஷன், பாவம். ஆனால் ரத்தினம்மாள் அவரை மன்னிக்கவே இல்லை.

மறுவருஷம் மாதாகோயில் ஃபாதர் வீட்டில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. அங்கே முன்னறையில் ஒரு படம். செப்புத் தகட்டில் கோடு கீறி, மை தடவிக் காகிதத்தில் அச்செடுத்தது. பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்தது, இருநூற்றைம்பது வருஷப் பழசு என்று ஃபாதர் சொன்னார். மேலே மேகத்துக்குள் மாதா குழந்தையோடு நிற்கிறாள். கீழே ஒரு இளந்துறவி முழங்கால் போட்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, அண்ணாந்து பார்க்கிறான். அவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த காட்சியாம். ரத்தினம்மாள் மாதாவைப் பார்க்கவில்லை, அந்த வாயைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டால் தமிழ்மணிக்கும் வாய் அப்படித்தான் திறந்துகொள்ளும்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாது. வீட்டுச் சாமி படங்களுக்குச் செய்கிற மாதிரியே கண்ணாடியை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, மூலையில் சந்தனப் பொட்டு வைப்பாள். ஃபாதர் தங்கமான மனுஷர். "கண்ணாடி மேலேதானே, வச்சுக்கோங்கம்மா" என்றார். பூ மட்டும் போடமாட்டாள், யாரையும் போட விடவும் மாட்டாள். "உசிரோட இருக்கிறவன் படத்துக்கு எவளாச்சும் மாலை போடுவாளா?" என்பாள்.

ஆற்றுக்குப் பாலம் வந்தது, பஸ் வந்தது, அவன் வரவில்லை. ஆடி அமாவாசை நெருங்கினால் அய்யாசாமி தயங்கித் தயங்கிக் கேட்பார். "எள்ளுந் தண்ணியும் இறைச்சிரலாமா ரத்தினம்? புள்ள ஆத்துமா அலையக் கூடாதில்ல."

"வாயைக் கழுவுங்க" என்பாள்.

இரண்டாயிரத்தெட்டு மே மாதத்துப் புயல் ஃபாதர் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. படம் விழுந்து கண்ணாடி நொறுங்கி, ஒழுகிய அறையில் ஒரு வாரம் நனைந்தபடியே கிடந்தது. யாருக்கு அதைப் பார்க்க நேரம்? ஃபாதர் வீடிழந்தவர்களுக்கு அரிசி பங்கிட அலைந்துகொண்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ரத்தினம்மாள் போய்ச் சட்டத்தை நிமிர்த்தி வைத்தாள். அவன் முகத்தில் சேறு. பழகின கை யோசிக்குமா? ஈரத்துணியை எடுத்து எப்போதும் போல அழுத்தித் துடைத்தாள்.

ஊறிப்போன காகிதம் மாவாகத் துணியோடு வந்துவிட்டது. மாதா இருந்தாள், மேகம் இருந்தது, மடங்கின முழங்கால் இருந்தது. முகம் இல்லை.

துணியை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள். அய்யாசாமி ஏணியில் நின்று கூரைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க அடுப்புல போட்டீங்க" என்றாள். "நான் துணியால துடைச்சிட்டேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இறங்கி வந்தார். முடிச்சை அவிழ்த்து, துணியில் ஒட்டியிருந்த சாம்பல் நிறக் கூழைக் காட்டினாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆடி அமாவாசை என்னைக்குங்க வருது? எள்ளு வாங்கணும்" என்றாள்.