அண்ணனின் ஏர்போர்ட்

பக்கத்து வீட்டு விசைத்தறி ஓட ஆரம்பித்தால் எங்கள் விமானத்தின் என்ஜின் சத்தம் கேட்காது. ஸ்பீக்கரை முழுசாகத் திருகி வைத்தாலும் அந்தத் தடக் தடக்கோடுதான் ரன்வேயில் ஓடி மேலே ஏறுவேன்...

இரண்டாயிரத்தைத் தாண்டி ஓரிரு வருடங்கள். ஆரணியில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் இருந்த ஒரே வீடு எங்களுடையது. காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு அதை வாங்கிக் கொடுத்தது என் அண்ணன் செல்வம். வளைகுடாவில் ஒரு ஏர்போர்ட்டில் விமானங்களுக்கு லக்கேஜ் ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு.

கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டிப் பார்க்கும் ஃப்ளைட் சிமுலேட்டரும் அவர் கொடுத்தனுப்பியதுதான். அதில் அவருடைய ஏர்போர்ட்டும் இருந்தது, பேருக்கு. மணல் நிறத்தில் ஒரு தரை, ஒரு ரன்வே, பெட்டி மாதிரி இரண்டு கட்டடம். அவ்வளவுதான்.

போனில் சொன்னதும் சிரித்தார்.

"இன்னாடா, நான் வேலை செய்ற எடத்தையே காணோமா? இரு, தேடி வாங்கி அனுப்பறேன்."

லீவில் ஊருக்கு வந்த தேசூர்க்காரர் ஒருவர் கையில் ஒரு சிடி வந்தது. அந்த ஒரு ஏர்போர்ட்டுக்காகவே யாரோ செய்து விற்ற, சிமுலேட்டரோடு சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆன் சீனரி. போட்டுப் பார்த்தால்... கண்ணாடி டெர்மினல், விளக்குக் கம்பங்கள், வரிசையாக நிற்கும் லக்கேஜ் வண்டிகள்!

அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அன்று அண்ணன் போன் செய்தபோது ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் மவுஸைப் பிடித்துக்கொண்டேன்.

"எடது கை பக்கம் ஒரு தகர ஷெட்டு தெரியுதாம்மா? அங்கதான் நாங்க சோறு துன்றது."

அம்மா திரையில் அந்த ஷெட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். அண்ணன் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் இருக்கும் இடத்தை அம்மா கண்ணால் பார்த்தது அன்றுதான்.

சிமுலேட்டரில் ரியல் வெதர் என்று ஒன்று உண்டு. நெட் கனெக்ட் பண்ணினால் அங்கே அப்போது அடிக்கும் காற்று, மேகம், புழுதி, வெயில் எல்லாம் இறங்கி வரும். சமையல் முடிந்ததும் அம்மா வந்து நிற்பார்.

"அவன் ஊர்ல இன்னா வெயில்டா பாபு?"

"நாப்பத்தஞ்சும்மா."

"அந்த வெயில்ல மூட்டை தூக்கறானே..."

புழுதி கிளம்பித் திரை மஞ்சளாகக் கலங்கிப்போகும் நாட்களில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. "இன்னிக்கு வெயில் கம்மியா இருக்கும்ல?" என்பார். ஆமாம் என்பேன்.

அந்தக் கோடையில்தான் அது நடந்தது. விமானத்துக்குப் பக்கத்தில், லக்கேஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் மயங்கி விழுந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவரோடு ஒரே ரூமில் தங்கியிருந்தவர் போனில் அழுதுகொண்டே சொன்னார். அண்ணனுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை.

உடம்பை அனுப்பி வைக்க வாரக்கணக்கில் ஆனது. அதுவரை அம்மா கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. நானும் தொடவில்லை.

உடம்பை ஏற்றிய விமானம் கிளம்பும் நாள் காலையில் அப்பாவும் சித்தப்பாவும் வேன் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார்கள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். தெருவில் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். அப்போதுதான் அம்மா எழுந்து வந்தார்.

"பாபு, அத்த போடுடா."

புரிந்தது. அண்ணனுடைய ஏர்போர்ட்டைப் போட்டேன். ரியல் வெதர் போட்டேன். அவர் விமானம் கிளம்புகிற நேரத்துக்கே நானும் கிளப்பினேன்.

பெரியம்மாவுக்குத் தாங்கவில்லை. "சாவு வூட்ல கேம் ஆடிகினு இருக்கீங்களே, நல்லாவா இருக்குது?" என்றார்.

"கேம் இல்லக்கா," என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமல். "எம் புள்ள வந்துகினு இருக்கான்."



கடல் மேல் வரும்போது மழை மேகம். ஜன்னலில் ஒன்றுமே தெரியாமல் வெள்ளையாக இருந்தது. "உள்ள நனையாதில்லடா?" என்று கேட்டார். "நனையாதும்மா" என்றேன்.

கரையைத் தாண்டி, மலைகளைத் தாண்டி, வேலூர்ப் பக்கம் வந்தோம்.

"நம்ம ஊர் எங்கடா?"

கீழே பச்சையும் பழுப்புமாக வெறும் தரை. எங்கள் ஊரை யாரும் அதில் செய்து வைக்கவில்லை. இந்த இடம்தாம்மா என்று தோராயமாகக் கை காட்டினேன். அம்மா சட்டென்று எழுந்து வெளியே போய்த் தெரு நடுவில் நின்று மேலே பார்த்தார். வானம் முழுக்க மூட்டமாக இருந்தது. விமானம் எதுவும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. ஆனாலும் வெகுநேரம் அங்கேயே நின்றார். பெரியம்மாதான் போய்த் தோளைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார்.

நான் சிமுலேட்டரை நிறுத்திவிட்டேன். சென்னையில் இறக்க எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் வேன் வந்தது...

இப்போது சென்னையில் வேலை. பெரிய மானிட்டர், வேகமான நெட். இன்றைய சிமுலேட்டரில் உலகம் முழுக்க சாட்டிலைட் படத்தை வைத்தே செய்துவிட்டார்கள். எங்கே மழை பெய்கிறதோ அங்கே அப்போதே மழை. சிடி கொண்டுவர ஊர்க்காரர் வேண்டியதில்லை.

போன மாதம் அம்மா வந்திருந்தபோது ஆரணி மேலே தாழப் பறந்து காட்டினேன். கோட்டை மைதானம், ஆறு, பஸ் ஸ்டாண்டு, எங்கள் தெரு, மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர் டேங்கோடு எங்கள் வீடு. எல்லாம் இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெருவுல ஒருத்தர்கூட இல்லையேடா பாபு..."

"ஆளுங்கள இன்னும் போடலம்மா," என்றேன்.