உப்பில்லாத குழம்பு

பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் நாங்கள் குடியிருந்த நாளில், ஓர் ஐப்பசி மாதம் எனக்குக் கால் வீங்கியது. முதலில் செருப்பு வார் தோலில் பதிந்தது; பத்து நாளில் செருப்பே ஏறவில்லை. டாக்டர் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். நான் பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவன். எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் உண்டு. இருபது எண்ணியும் அந்தக் குழி மேடாகவில்லை.

திருச்சூர்ப் பக்கத்துக்காரரான டாக்டர் தமக்கு வந்த தமிழில் சொன்னார்: “உப்பு வேண்டா. ஒரு நுள்ளுகூட வேண்டா. நீர் நெஞ்சுக்கு ஏறினால் பின்னெ என் கையில் ஒண்ணும் இல்லை.”

வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, கணவரை இழந்து எங்களோடு வந்திருந்த என் அக்கா. அன்றே ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் கருவாடும் என் இலையை விட்டுப் போயின. சோற்றிலும் குழம்பிலும் உப்புப் போடுவது நின்றது. முதல் மூன்று நாள் சோறு தொண்டையில் இறங்கவில்லை. பிறகு குழம்பு நன்றாக இருக்கத் தொடங்கியது. நாக்கு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரமாகியும் வீக்கம் வற்றவில்லை. “வீட்டில் ஆரோ உப்பு போடுறாங்க” என்றார் டாக்டர். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனம்மிணி, புருசன் மொகஞ் சுளிக்கிறானேன்னு தெரியாம ஒரு கை போட்டுட்டயாக்கும்?”

“சாமி சத்தியமா இல்லீங்க நங்கை” என்றாள் என் மனைவி. எங்கள் பக்கத்தில் கணவனின் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்.

“அப்பறம் எப்படிக் கொழம்பு நாக்குல நிக்குது? எனக்கென்ன நாக்கு செத்தா போச்சு?”

நான் மனைவிக்காகப் பேசவில்லை. எனக்கும் சந்தேகம் இருந்தது.

அக்கா உப்புப் போட்டுவைக்கும் மரச்சட்டியான மரவையைத் தூக்கித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் முதல் சமையலும் அவளே. என் மனைவி அம்மியில் அரைத்துக் கொடுப்பதோடு சரி. எட்டாம் நாள் இடது கால் முன்னைவிடப் பருத்திருந்தது. அக்காவின் முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்தது. புளியை ஊறவைத்துக் கரைத்துக்கொண்டே அம்மிப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“ஏனம்மிணி, நீ எவ்வளவு புளி போடுவே?”

“உப்பில்லீங்களே, புளிப்பாச்சும் தெரியட்டும்னு ரெண்டு பங்கு போடுவனுங்க. நீங்களும் அப்படித்தானுங்களே போடறீங்க?”

அக்காவின் கை சட்டியில் நின்றது. விரலை எடுத்து நாக்கில் வைத்தாள்.

“பங்குனியில கொட்டையெடுத்து, பூச்சி புடிக்கக் கூடாதுன்னு உப்பப் போட்டு இடிச்சு அடைச்சது நாந்தானே. மரவையப் பூட்டிப் போட்டு, புளிப்பானைய வுட்டுப்போட்டனே!”

எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் புளியும் அப்படித்தான். வருஷா வருஷம் செய்கிற வேலையானதால் அதை உப்பு என்று யாரும் நினைப்பதே இல்லை.

“அம்மிணி, உம்மேல பழி போட்டுட்டனே. வேணும்னா ரெண்டு திட்டுத் திட்டீரு.”

“திட்டறது அப்பறம் ஆகட்டுங்க. மத்தியானத்துக்கு என்ன கொழம்பு?”

உப்புப் படாத புளி தெருவில் ஒரு வீட்டிலும் கிடைக்கவில்லை. எலுமிச்சையும் நெல்லிக்காயும் வைத்து இருவரும் சேர்ந்து சமாளித்தார்கள். நான்காம் நாள் முதல் நீர் நிறையப் பிரிந்தது. இரண்டு வாரத்தில் கணுக்கால் எலும்பு மறுபடியும் வெளியே தெரிந்தது. நானும் சந்தேகப்பட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். “தெரியுமுங்க” என்றாள்; அவ்வளவுதான்.

அடுத்த பங்குனியில் அக்கா இரண்டு பானை அடைத்தாள். ஒன்றில் உப்பில்லை. அந்தப் புளியில் சீக்கிரம் புழு விழும். வாரம் ஒருநாள் பாயில் உதிர்த்துப் போட்டு, ஒவ்வொரு சுளையாகப் பிரித்துப் பார்த்து, வெயில் காட்டி எடுத்துவைக்க வேண்டும். அக்கா பல வருஷம் அதைச் செய்தாள். அவளுக்குப் பிறகு என் மனைவி செய்கிறாள். செய்யச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. இருவரும் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.